மரத்தை ஒதுக்கினால் காடு பிழைக்காது

வீடு கட்டுகிற குடும்பங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "மரக்கதவு எதுக்குங்க? ஒரு மரத்தை வெட்டித்தானே செய்யணும்? வாசலுக்கு இரும்புக் கதவு, ஜன்னலுக்கு யுபிவிசி போட்டுடலாம். நம்மால ஒரு மரமாவது பிழைச்சுப் போகட்டும்." பள்ளிக்கூட ஓவியப் போட்டி தொடங்கிச் சுவரெழுத்து வரை கோடரியையே வில்லனாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்த முடிவு இயல்பாகவே வந்துவிடுகிறது. கதவு வியாபாரிகளும் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரும்புத் தகட்டின்மேல் தேக்கு வரியை அச்சடித்து, அதையே காட்டைக் காப்பாற்றும் கதவு என்று விற்கிறார்கள். வாங்குபவருக்குக் கதவும் கிடைக்கிறது, புண்ணியமும் கிடைக்கிறது.

புண்ணியம் கிடைக்கலாம், காடு பிழைப்பதில்லை. மரத்தைப் புறக்கணிப்பதே சுற்றுச்சூழல் அக்கறை என்ற கருத்து மூன்று அனுமானங்களின் மேல் நிற்கிறது. கதவுக்கான மரம் காட்டிலிருந்து வருகிறது என்பது முதலாவது. நாம் வாங்காவிட்டால் அந்தக் காடு அப்படியே நிற்கும் என்பது இரண்டாவது. மரத்துக்குப் பதிலாக வரும் பொருளால் பூமிக்குச் சேதாரம் குறைவு என்பது மூன்றாவது. மூன்றும் பிழை. எங்கே வளர்ந்தது, யார் வளர்த்தார் என்று கேட்டு மரம் வாங்குகிறவர்தான் காட்டுக்கு நன்மை செய்கிறார். மரமே வேண்டாம் என்பவர் அந்தக் கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறார்.

இது வெறும் வீட்டுத் திண்ணைப் பேச்சு அல்ல. நெடுங்காலம் அரசின் கொள்கையாகவும் இருந்தது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரத்துக்கு மாற்றான பொருள்களை இயன்ற அளவு பயன்படுத்தச் சொன்னது. 1993-இல் மத்தியப் பொதுப்பணித்துறையின் கட்டடங்களில் மரம் பயன்படுத்தத் தடை வந்தது. அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் அரசு அலுவலகங்களின் கதவு, ஜன்னலையெல்லாம் இரும்பிலும் அலுமினியத்திலும் போட்டுப் பழகினார்கள். அந்தப் பழக்கமே தனியார் கட்டடங்களுக்கும் முன்மாதிரியானது. 27 ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலையில் அந்தத் தடையை அரசே நீக்கிக்கொண்டது. விவசாயிகள் வளர்க்கும் மரத்துக்குச் சந்தை வேண்டும் என்பது அப்போது பேசப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், மரம் சார்ந்த ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மூலப்பொருளைக் காட்டிலிருந்து எடுக்காமல் விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே 1988 கொள்கையில்தான் இருக்கிறது. ஒரே ஆவணம் விவசாயியை மரம் வளர்க்கச் சொன்னது, வாங்குபவரை மரம் வேண்டாம் என்றது.

இனி முதல் அனுமானத்துக்கு வருவோம். இந்தியாவில் அறுபடும் மரம் பெரும்பாலும் காட்டு மரம் அல்ல. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2011-இல் வெளியிட்ட அறிக்கை, அரசுக் காடுகளிலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கும் மரம் சுமார் 32 லட்சம் கன மீட்டர் என்றது. காட்டுக்கு வெளியே, அதாவது பட்டா நிலங்களிலும் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் தோப்புகளிலும் நிற்கும் மரங்களிலிருந்து கிடைப்பதை 4 கோடி கன மீட்டருக்கு மேல் என்று கணக்கிட்டது. பத்து மடங்குக்கும் மேலான வித்தியாசம். நம் ஊர் அறுவை மில்லில் அடுக்கிக் கிடக்கும் வேம்பும் பூவரசும் மலைவேம்பும் குமிழும் யாரோ ஒரு விவசாயி தன் நிலத்தில் நட்டவை அல்லது தானாக முளைத்ததை வெட்டாமல் விட்டு வைத்தவை. அரிசி உண்பதை நிறுத்தினால் வயல் பிழைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. தோட்டத்து மரத்தைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்கிறோம்.

காடு எதனால் அழிகிறது என்ற கேள்விக்கும் கோடரி என்பது பாதி விடைகூட அல்ல. ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வு, உலகக் காடழிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் வேளாண்மையும் மேய்ச்சலும் விரிவதால் நேர்கிறது என்கிறது. அமேசானில் மாட்டுப் பண்ணையும் சோயாவும். போர்னியோவில் எண்ணெய்ப்பனை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறென்ன நடந்தது? வால்பாறைப் பீடபூமியின் மழைக்காடு 1890-களிலிருந்து அழிக்கப்பட்டது தேயிலைக்காகவும் காப்பிக்காகவும்தான். ஆனாலும், காட்டைக் காப்பாற்றத் தேநீரை விடுங்கள் என்று யாரும் கதவைத் தட்டுவதில்லை. மரச்சட்டம்தான் எளிதாக மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் அதைப் பார்த்தவுடன் மரம் என்று தெரிகிறது. தேநீரிலும் பிஸ்கட்டில் இருக்கும் பாமாயிலிலும் அது தெரிவதில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெப்பமண்டலக் காடுகளில் மரம் எடுக்கப் போட்ட பாதை வழியாகத்தான் பெரும்பாலும் மாட்டுப் பண்ணையும் எண்ணெய்ப்பனையும் உள்ளே நுழைகின்றன. முதலில் விலையுயர்ந்த மரம் போகிறது, பிறகு மிச்சக் காடு போகிறது. ஆகவே இயற்கைக் காட்டை வெட்டி வரும் மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த மரத்தையும் உடுமலைப்பேட்டையில் ஒரு விவசாயி வேலியோரம் வளர்த்த தேக்கையும் ஒரே தட்டில் வைத்து இரண்டையும் ஒதுக்குவதைத்தான் மறுக்கிறேன்.

அடுத்த அனுமானம், நாம் வாங்காவிட்டால் காடு நிற்கும் என்பது. இதற்கு வரலாறு தெளிவான பதில் வைத்திருக்கிறது. அதன் ஒரு முனை நம் நீலகிரியிலேயே தொடங்குகிறது.

நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை, அங்கீகரித்த வேலைத்திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதையும் நிறுத்தியது. இந்தியக் காடுகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய சட்டக் கவசம் அதுதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு கட்டுவது நின்றதா? கதவும் கட்டிலும் செய்வது நின்றதா? தேவை அப்படியே இருந்தது. மரம் வரும் வழி மட்டும் மாறியது. பர்மாவிலிருந்தும் மலேசியாவின் சரவாக்கிலிருந்தும் கட்டைகள் தூத்துக்குடிக்கும் காண்ட்லாவுக்கும் கப்பலில் வந்து இறங்கின.

இந்தியா மட்டும் இதைச் செய்யவில்லை. தாய்லாந்தில் 1988 நவம்பரில் பெருவெள்ளம் வந்து, மலையிலிருந்து உருண்ட கட்டைகள் கிராமங்களைப் புதைத்தன. 1989 ஜனவரியில் அந்நாடு காட்டில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. அதே ஆண்டு தாய்லாந்து மர நிறுவனங்கள் எல்லை தாண்டிப் பர்மாவுக்குள் போயின. அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த ராணுவ ஆட்சி அவர்களுக்கு எல்லையோரக் காடுகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. சீனாவில் 1998-இல் யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் வெட்டத் தடை வந்தது. சீனத்து ஆலைகள் ரஷ்யாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மரம் கொண்டுவந்தன. மூன்று நாடுகள் தத்தம் காட்டைப் பூட்டின. மூன்றின் மரத் தேவையிலும் ஒரு பங்கு பர்மாவின் தலையில் விழுந்தது. 2010-க்கும் 2015-க்கும் இடையில் ஆண்டுக்கு 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காட்டை இழந்து, பிரேசிலுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த இடத்துக்கு அந்த நாடு வந்தது. அங்கே காடழிந்ததற்கு விவசாயமும் சுரங்கமும் உள்நாட்டுப் போரும்கூடக் காரணங்கள். ஆனால் அக்கம்பக்கத்து நாடுகளின் மரப்பசிக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது.

பர்மா 2014 ஏப்ரல் 1 முதல் முழுக் கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. அறுத்த மரம் தொடர்ந்து வெளியே வந்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, மர வணிகத்தை நடத்தும் அந்நாட்டு அரசு நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. அதனால் பர்மாத் தேக்கு விற்பனை நின்றுவிடவில்லை. தடை விதிக்காத நாடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தியா அவற்றில் ஒன்று. நம் ஊரில் இன்றும் பர்மாத் தேக்கு என்றால் கௌரவம். அந்தக் கௌரவத்தின் ஒரு பங்கு எந்தத் துப்பாக்கிக்குப் போகிறது என்று கதவுக்குப் பூஜை போடும்போது யாரும் யோசிப்பதில்லை.

மரமே வேண்டாம் என்பவரும் பர்மாத் தேக்குதான் வேண்டும் என்பவரும் எதிரெதிர்த் துருவங்களாகத் தோன்றுகிறார்கள். உண்மையில் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். காவிரிப் படுகையில் வாய்க்கால் கரைத் தேக்கு இருக்கிறது, கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மலைவேம்பும் மகோகனியும் இருக்கின்றன. இருவருமே அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படித் திரும்பிப் பார்க்காவிட்டால் நிலத்தில் என்ன நடக்கும்? மரம் வளர்ப்பது பொறுமைக்காரன் பயிர். நெல்லுக்கு நான்கு மாதம் போதும், மலைவேம்புக்கு ஏழெட்டு ஆண்டு வேண்டும், தேக்குக்கு இருபது, முப்பது ஆண்டு. அத்தனை காலம் ஒருவர் நிலத்தை ஒதுக்கி வைக்கிறார் என்றால், வெட்டும் நாளில் வாங்க ஆள் இருப்பான் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே உதாரணம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் 1980-களில் விவசாயிகள் போட்டி போட்டுக்கொண்டு யூகலிப்டஸ் நட்டார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் விலை சரிந்தது. வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுக் கோதுமைக்கும் கரும்புக்கும் திரும்பினார்கள். அரசுப் பிரசாரமோ மரத்தின் மேல் பாசமோ அவர்களைத் தடுக்கவில்லை. மரம் நிற்பதும் போவதும் அதன் விலையைப் பொறுத்தது.

காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மரத்தின் பயனை வளர்ப்பவனிடமிருந்து பறித்தால் என்ன ஆகும் என்பதைச் சந்தனமே காட்டிவிட்டது. பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தன மரம் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. மரம் வளர்ந்தாலும் நிலத்துக்காரர் தன் விருப்பப்படி வெட்டி விற்க முடியாது. திருடன் வருவான், பின்னாலேயே விசாரணை வரும். விவரம் தெரிந்தவர்கள் கன்றாக இருக்கும்போதே பிடுங்கி எறிந்தார்கள். கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி வளர்ப்பவருக்கு உரிமை கொடுத்த பிறகுதான் விவசாயிகள் சந்தனத் தோப்பு வைக்கத் துணிந்தார்கள். மரத்துக்கு விலை இல்லை என்று ஆக்குவது மரத்தைக் காப்பதாகாது. மரம் நிற்கும் நிலத்தை வீட்டுமனைக்கு விற்றுவிடு என்று உரிமையாளரைத் தள்ளுவதாகத்தான் முடியும்.

மூன்றாவது அனுமானத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வாசலுக்கு நிலையும் கதவும் சேர்த்து ஐந்து கன அடித் தேக்கு என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. ஐந்து கன அடிக்கு 90 கிலோ. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். அந்த 45 கிலோ கரிமம் காற்றிலிருந்து மரம் உறிஞ்சிய சுமார் 165 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கதவு நிற்கும் வரை அது கதவுக்குள்ளேயே இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் நூறாண்டு கடந்த கதவுகள் இன்னும் திறந்து மூடுகின்றன. அதே வாசலுக்கு 60 கிலோ இரும்பு போடுகிறோம் என்றால், இந்தியாவில் ஒரு டன் எஃகு செய்யச் சராசரியாக இரண்டரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்ற கணக்கில் 150 கிலோ வாயு காற்றில் சேர்கிறது. ஒரு கதவு காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கிறது, இன்னொன்று காற்றில் கொட்டிவிட்டு வருகிறது. அலுமினியம் இதைவிட மோசம். நிலக்கரி மின்சாரத்தில் உருக்கும் புது அலுமினியம் ஒரு டன்னுக்குப் பத்து டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேற்றும். பாக்சைட்டும் இரும்புத் தாதும் எங்கிருந்து வருகின்றன? ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மலைகளிலிருந்து. அந்தச் சுரங்கங்களுக்கு மேலே இருந்ததும் காடுதான். ஒரு மரத்தைக் காப்பாற்ற இரும்புக் கதவு போட்டவர், தான் பார்க்காத ஒரு மலையின் மரங்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

யுபிவிசி ஒருவகைப் பிளாஸ்டிக். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி குளோரின், மிச்சம் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தோ எரிவாயுவிலிருந்தோ வருவது. வெயிலில் நிறம் மங்கி, மூலை பிளந்து, ஒரு நாள் குப்பைக்குப் போகும்போது அதை எரிக்கவும் முடியாது, மக்கவும் விட முடியாது. இரும்புக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைத் திரும்பத் திரும்ப உருக்கலாம், பழைய இரும்புக்காரர் வீடு தேடி வந்து வாங்கிப்போவார். மரத்துக்கும் ஒரு குறை உண்டு. கட்டையை அறுக்கும்போது ஏறக்குறையப் பாதி தூளாகவும் சீவலாகவும் விறகாகவும் போகிறது, அந்தக் கரிமம் சீக்கிரம் காற்றுக்குத் திரும்பிவிடும். வெட்டிய இடத்தில் மறுபடி நடாவிட்டால் என் கணக்கு முழுதும் பொய்யாகும். அதனால்தான் எந்த நிலத்து மரம் என்ற கேள்வி இவ்வளவு முக்கியம். மறுபடி நடும் நிலத்திலிருந்து வரும் மரம்தான் இரும்பை வெல்லும்.

இவ்வளவு சொன்ன பிறகும் சில எதிர்வாதங்கள் நிற்கின்றன. அவற்றில் வலுவானது தோப்பு காடாகாது என்பது. முழுக்கச் சரி. நீலகிரியின் சோலைகளுக்கு நடுவே விரிந்திருந்த புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நட்டதன் சேதத்தை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். வாட்டில் தன்னிச்சையாகப் பரவிப் புல்வெளியைத் தின்கிறது. அதைப் பிடுங்கவே இப்போது பணம் செலவழிக்கிறோம். ஆனால் இந்த வாதம் எந்த இடத்தில் மரம் நடக்கூடாது என்பதைத்தான் சொல்கிறது. ஏற்கெனவே உழுதுகொண்டிருக்கும் பட்டா நிலத்தின் வரப்பில் தேக்கு நடுவதற்கும் புல்வெளியில் வாட்டில் நடுவதற்கும் சம்பந்தமில்லை. மரத் தேவை பட்டா நிலத்தில் நிறைவேறினால்தான் காட்டின் மேலும் புல்வெளியின் மேலும் கை வைக்கும் சாக்கு குறையும்.

சான்றிதழ்களே மோசடி என்பது இன்னொரு வாதம். இதிலும் உண்மை உண்டு. பொறுப்பான வன மேலாண்மைக்குச் சான்று தரும் எஃப்.எஸ்.சி. 1993-இல் தொடங்கியது. காட்டிலிருந்து கடை வரை ஒவ்வொரு கையையும் தொடர்ந்து சரிபார்ப்பது அதன் முறை. இந்த முத்திரை இருந்தும் ருமேனியாவில் சட்டவிரோத மரம் கலந்ததாகப் புகார் எழுந்து, 2017-இல் ஸ்வைகோஃபர் என்ற பெரிய மர நிறுவனத்தோடு எஃப்.எஸ்.சி. உறவை முறித்துக்கொண்டது. 2018-இல் கிரீன்பீஸ் தன் சர்வதேச உறுப்பினர் பொறுப்பைப் புதுப்பிக்காமல் விலகியது. முத்திரையிலும் வகை இருக்கிறது. நூறு சதவீதம் என்று போட்டிருந்தால் முழுவதும் சான்று பெற்ற காட்டின் மரம். கலப்பு என்று போட்டிருந்தால் சான்று பெறாத, அதாவது மோசமான இடத்திலிருந்து வரவில்லை என்று மட்டும் பார்த்த மரமும் அதில் இருக்கலாம். கடையில் முத்திரையைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுபவர் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

ஆனால் இதிலிருந்து எட்ட வேண்டிய முடிவு என்ன? சான்றிதழில் ஓட்டை இருக்கிறது, ஆகவே மரமே வேண்டாம் என்பது வினோதமான தர்க்கம். முத்திரை கேள்விகளுக்கு முற்றுப்புள்ளி வைப்பதில்லை, கேள்வி தொடங்குவதே அங்கேதான். நெடுந்தூரத்திலிருந்து கப்பலில் வரும் மரத்துக்கு அது அவசியம், ஏனென்றால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் வளர்ந்த மரத்துக்கு அது கட்டாயமில்லை, வளர்த்தவரையே நேரில் கேட்கலாம். ஐந்து ஏக்கர் விவசாயி ஒருவர் தனியாக எஃப்.எஸ்.சி. சான்று வாங்கும் செலவைத் தாங்க முடியாது என்பதும் நிஜம். காட்டுக்கு வெளியே வளரும் மரங்களையும் உள்ளடக்கி மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்த இந்திய வன மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டம், இந்தச் சிறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்துக்கொள்ளும் என்றால்தான் பயன். இல்லாவிட்டால் அது பெரிய காகித ஆலைகளின் சுவரை அலங்கரிக்கும் சட்டமிட்ட தாளாகவே இருக்கும்.

நாட்டுத்தேக்கு உழைக்காது என்பது ஆசாரிகள் வரை பரவிய நம்பிக்கை. பாதி உண்மை. இருபது வயதுத் தேக்கில் வைரம் பாய்ந்த நடுப்பகுதி குறைவு, வெளிப்புற வெள்ளை அதிகம். வெள்ளைப் பகுதியைக் கலந்து அறுத்துக் கதவு செய்தால் பூச்சி அரிக்கும், ஐந்து வருடத்தில் பழி தேக்கின் மேல் விழும். ஆனால் வலிமையைப் பொறுத்தவரை இளந்தேக்கு முதிர்ந்த தேக்குக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல என்று கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெள்ளையை நீக்கி, ஒழுங்காகக் காயவைத்து இழைத்தால் போதும். இன்று நம் கடைகளில் பர்மா என்ற பெயரோடு நிற்கும் மரத்தில் எவ்வளவு பர்மாவிலிருந்து வந்தது என்பதும் கேட்க வேண்டியதுதான். கானா, பெனின், கோஸ்டாரிகா, ஈக்வடார் தோட்டத் தேக்கு கப்பல் கப்பலாக இங்கே வருகிறது. கடல் கடந்து வந்த இருபது வயதுத் தோட்டத் தேக்கை நம்பும் நாம், திருச்சிப் பக்கத்து இருபது வயதுத் தேக்கை நம்ப மறுக்கிறோம். இந்தியாவில் தேக்கைத் தோட்டமாக வளர்க்கும் கலையே அன்றைய சென்னை மாகாணத்து நிலம்பூரில், 1840-களில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் நட்டதிலிருந்து வளர்ந்தது என்பது மறந்துபோயிற்று.

அப்படியானால் எதை வாங்குவது? முதலிடம் பழைய மரத்துக்கு. இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் நிலைகளும் உத்திரங்களும் காரைக்குடியிலும் சென்னையிலும் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. பல தலைமுறை காய்ந்த வைரம் அது, இனித் திருகாது, வளையாது, புதிதாக ஒரு மரமும் விழாது. ஆணியைத் தேடிப் பிடுங்கி அறுக்கும் பொறுமை ஆசாரிக்கு வேண்டும், அதற்கான கூலியைக் கொடுக்க நமக்கு மனம் வேண்டும். அடுத்தது, சுற்றுவட்டாரத்துப் பட்டா மரம். வாசலுக்கு நாட்டுத்தேக்கோ வேங்கையோ, உள்கதவுகளுக்கு வேம்போ மகோகனியோ, அலமாரிக்குப் பூவரசோ பலாவோ. வீட்டிலுள்ள எல்லாக் கதவுக்கும் தேக்கு கேட்பது வீம்பு. மழை படாத அறைக்கதவுக்கு வேம்பு தாராளமாகப் போதும். கன்னியாகுமரிப் பக்கம் என்றால் ரப்பர் மரம். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் வெட்டி முடிந்ததும் எப்படியும் வெட்டி மறுநடவு செய்ய வேண்டிய மரம் அது. ஒரு காலத்தில் விறகாகச் சூளைக்குப் போனது. போரான் மருந்து ஏற்றிக் காயவைத்தால் நல்ல மேசை நாற்காலி ஆகிறது. வெளிநாட்டு மரம்தான் வேண்டும் என்றால், தோட்டத்தில் வளர்ந்ததற்குச் சான்று உள்ளதை மட்டும் வாங்க வேண்டும்.

எதை ஒதுக்குவது என்பதும் தெளிவு. பர்மாத் தேக்கு, இன்றைய நிலையில் கூடவே கூடாது. மலிவு நிலைக்காக நம் ஊரில் எல்லோரும் வாங்கும் மலேசியா சால் என்பது ஒரே மரத்தின் பெயர்கூட அல்ல. தென்கிழக்காசிய மழைக்காட்டின் பலவகை மரங்களுக்குக் கடைக்காரர்கள் வைத்த பொதுப்பெயர். எந்தக் காடு என்று சொல்ல முடியாதவரிடம் அதை வாங்காமலிருப்பதே மேல். தோதகத்தி போன்ற மரங்களை வனத்துறை அனுமதிச்சீட்டு இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை மிகக் குறைவு. இது எந்த ஊர் மரம்? தோட்டமா, காடா? பில்லில் மரத்தின் பெயரும் ஊரும் எழுதித் தருவீர்களா? தேக்கு போன்ற மரத்துக்கு வனத்துறை அனுமதிச்சீட்டின் நகல் இருக்கிறதா? முதலில் கேட்பவரைக் கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார். பத்தாவது ஆள் கேட்கும்போது விவரத்தைத் தயாராக எழுதி வைத்திருப்பார். சந்தை அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. வாங்குவதையே நிறுத்தியவர் அந்தச் சந்தைக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் அவர் கடைக்குள்ளேயே வருவதில்லை.

வாங்குபவர் மேல் மட்டும் பாரத்தைப் போட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதும் நியாயமல்ல. சட்டவிரோதமாக வெட்டிய மரத்தை இறக்குமதி செய்வது குற்றம் என்று அமெரிக்கா 2008-இல் லேசி சட்டத்தைத் திருத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் அத்தகைய மரத்தைச் சந்தையில் விற்கத் தடை விதித்து, மரம் வந்த வழியைச் சரிபார்க்கும் பொறுப்பை இறக்குமதியாளர் மேல் வைத்தது. உலகின் பெரிய மர இறக்குமதி நாடுகளில் ஒன்றான இந்தியாவில் இதற்கு இணையான சட்டம் இல்லை. தன் நிலத்துத் தேக்கை வெட்டும் விவசாயி கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் வனச்சரகத்துக்கும் நடையாய் நடக்கிறார். கப்பலில் வரும் மரத்திடம் எந்தக் காட்டில் பிறந்தாய் என்று துறைமுகத்தில் யாரும் கேட்பதில்லை. இந்த அநீதியை நேர் செய்யாமல், மரம் வெட்டாதீர்கள் என்று சுவரில் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

மரமே வேண்டாம் என்று சொல்வது எளிது. அதற்கு எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை, மனசாட்சியும் உடனே சமாதானமாகிவிடும். எந்த ஊர், யார் நிலம், எத்தனை வயது, மறுபடி நட்டார்களா என்று விசாரித்து வாங்குவதில் அலைச்சல் உண்டு, கொஞ்சம் கூடுதல் செலவும் உண்டு. காட்டின் மேல் நிஜமான அக்கறை உள்ளவர்கள் அந்த அலைச்சலை ஏற்றுக்கொள்ளட்டும்.